லடாக் பைக்கா, வெள்ளியங்கிரியா: நண்பர்களோடு எங்கே போகலாம்?

நாற்பதை நெருங்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருடாவருடம் ஒரே பேச்சுதான்: "எங்கயாவது போகணும்டா." முதலில் கோவா பேச்சு வரும். அது ஊர் மாற்றிக் குடிப்பது, இந்தக் கணக்கில் சேராது. மிஞ்சுவது இரண்டு: மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை பைக், இல்லையென்றால் கோவைப் பக்கம் ஏழு மலை ஏறும் வெள்ளியங்கிரி. இரண்டுக்கும் போய் வந்தாயிற்று.

லடாக்கில் மலைக்கு முன்னால் பணம் வந்து நிற்கும். விமானம், வாடகை புல்லட், ஜாக்கெட், பத்து நாள் லீவு. எங்களில் ஒருவன் "லீவு கிடைக்கலடா" என்றான். லீவு காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாதையைக் குறை சொல்ல முடியாது. 2020-இல் திறந்த அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர். ரோதாங் கணவாயைச் சுற்ற வேண்டாம். அப்புறம் பெட்ரோல் போட ஒரு ஊர் வரும், பெயர் தாண்டி. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய அந்தப் பலகை பைக்காரர்கள் மத்தியில் பிரபலம். தாண்டியைத் தாண்டினால் ஒன்றுமில்லை என்று நாங்கள் அடித்த ஜோக்கை வடக்கத்தியர் யாரும் ரசிக்கவில்லை. பாராலாச்சா லா, 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், 5,300 மீட்டருக்கு மேல் தாங்லாங் லா ('லா' என்றால் கணவாய்).

ஆனால் ஹெல்மெட்டுக்குள் ஒவ்வொருவனும் தனி ஆள். நாள் முழுக்கப் பேசியது டீக்கடையிலும் பஞ்சர் ஒட்டும்போதும்தான். கண்ணாடியில் பின்னால் வருபவனின் ஹெட்லைட் தெரியாவிட்டால் கை தானாக பிரேக்குக்குப் போகும். பல வருடம் பேசிப் பழகியதில் வராத நெருக்கம் அதில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழியில் கூடாரத்தில் தங்கும் இடமான சார்ச்சு கிட்டத்தட்ட 4,300 மீட்டர் உயரம். அங்கே முதலில் விழுந்தவன் எங்கள் ஜிம் பயில்வான். ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் வரும் உயர நோய்க்கு உடற்கட்டெல்லாம் கணக்கில்லை. அவனோ கிளட்ச் சரியில்லை என்றான், மதியம் சாப்பிட்ட பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். வாந்தி எடுக்கும் வரை தலைவலி என்ற வார்த்தையே வரவில்லை. மறைத்துக்கொண்டு மேலே மேலே போவதுதான் உயிருக்கு ஆபத்து. அறிகுறி முற்றினால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். பைக்கில் இதுதான் சிக்கல்: பழி போட கையருகே ஒரு வண்டி இருக்கிறது.

வெள்ளியங்கிரியில் அதெல்லாம் கிடையாது. காந்திபுரத்தில் பஸ் ஏறி பூண்டி, அங்கே ஒரு மூங்கில் தடி, கையில் டார்ச். பிப்ரவரி முதல் மே வரை ஏற விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து நாங்கள் ராத்திரியில் ஏறினோம். முதல் மலைப் படிகளிலேயே மூச்சு எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிடும். "கொஞ்சம் உக்காரலாமா?" என்று யாராவது ஒருவன் கேட்டாக வேண்டும். அவன் கேட்டதும் மற்றவர்கள் எவ்வளவு வேகமாக உட்கார்ந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

இருட்டு இன்னொரு உதவி செய்தது. முகம் தெரியாது, ஆகவே பேச வரும். கைதட்டி சுனைப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஒருவன், வேலை போய் நாலு மாதம் ஆகிறது என்றான். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். யாரும் அறிவுரை சொல்லவில்லை; சொல்ல மூச்சும் இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் கை மாறியது.

குறை உண்டு. சித்ரா பௌர்ணமிக்குப் போனால் மலையில் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகை மட்டும்தான். இறங்கும்போது முட்டி கெஞ்சும். இதய, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் பாதியில் இறந்திருக்கிறார்கள். 2024-இல் மட்டுமே பலர். சர்க்கரை, பிரஷர் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கூட்டம் ஆகாதவர்களுக்கு தமிழக வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டம் இருக்கிறது. 2018-இல் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தார்கள். வழிகாட்டி கூடவே வருவார். பாதுகாப்புக்கு நல்லது, வேலை போன கதைக்குக் கொஞ்சம் இடைஞ்சல்.

இரண்டே பேர், கையில் காசு, பேசாமலே ஒத்துப்போகும் பழக்கம் என்றால் லடாக் போங்கள். நாலைந்து பேர், நடுவில் சில வருட இடைவெளி என்றால் என் ஓட்டு வெள்ளியங்கிரிக்கு. லடாக்குக்கு லீவு கிடைக்காதவன் அன்று ஏழாவது மலையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தான், ஜிம் பயில்வானின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.