முறுக்கேறிய காவல் வீரன்: ஜிம் பயிற்சியாளரிடம் காட்டுவதா, டிஜிட்டல் ஓவியரிடம் காட்டுவதா?

மதுரையில் டேப்லெட்டில் கற்பனை வீரர்களைத் தீட்டிப் பழகுவோர், பாதி முடிந்த படத்தை யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது என்று தயங்குவதுண்டு. ஜிம் பயிற்சியாளர், டிஜிட்டல் ஓவியர் இருவரில் எவரும் மற்றவருக்கு முழு மாற்றல்லர்.

உடற்கூறு: கை தலைக்கு மேல் உயரும் 180 பாகையில் ஏறத்தாழ 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் கிடைக்கிறது. அரிவாள் ஓங்கிய வீரனுக்கு அந்த எலும்பு அசையாமல் கிடந்தால், "கை ஒட்டவச்ச மாதிரி இருக்கே, தம்பி" என்று பயிற்சியாளர் சொல்வதோடு, எந்தத் தசை இறுகும், எது தளரும் என்பதைத் தம் தோளிலேயே செய்தும் காட்டுவார். ஓவியர் பிழையைக் காண்பார். ஆனால் செய்து காட்டுவது அரிது.

ஒளி, நிழல்: இங்கே பயிற்சியாளரால் பயனில்லை. ஒவ்வொரு தசைக்கும் ஒரே அளவு பளபளப்புக் கொடுத்தால் உடல் பலூன் கொத்தாகிவிடும். ஓவியரோ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, இடவலமாகத் திருப்பிப் பார்த்து, மார்பை முதலில் ஒரே திரளாக நிழலிடச் சொல்வார்.

செலவு: பயிற்சியாளருக்கு ஒரு ஜிகர்தண்டா போதும் (அவர் குடிப்பாரா என்பது வேறு கதை). ஓவியர் கட்டணம் கேட்பது நியாயமே.

எளிமை: முன்னவருக்குக் கைப்பேசிப் படம் போதும், பின்னவருக்கு லேயர் (படத்தின் அடுக்குகள்) பிரிந்த கோப்பு வேண்டும்.

கோட்டுருவ நிலையில் பயிற்சியாளரையும், வண்ணம் ஏறியபின் ஓவியரையும் நாடலாம். கோபுரத்துச் சுதைத் துவாரபாலகரைப் போலத் தசைக்கோடு துருத்தாத, திரண்ட உடலே வேண்டுமென்றால், பயிற்சியாளரின் திருத்தங்கள் படத்தைக் கெடுக்கும், ஓவியரிடமே செல்லவேண்டும்.