நடைபாதைப் பக்கத்து வீடு: ஏழு குளிர்காலங்களின் அனுபவம்

எங்கள் தெருவில் வீடு வாங்க எண்ணியிருக்கும் நண்பர் ஒருவர், நடைபாதை உள்ள பக்கத்தில் வாங்கலாமா, எதிர்ப்பக்கம் நல்லதா என்று நேற்றுக் கேட்டார். டொராண்டோவை அடுத்த ஒரு புறநகரில், நடைபாதைப் பக்கத்திலேயே ஏழு குளிர்காலங்களைக் கழித்தவன் நான்.

நடைபாதையைப் பொறுத்தவரை நகராட்சியின் பணியில் எனக்குக் குறையே இல்லை. பனிப்பொழிவு நின்று 48 மணி நேரத்துக்குள் நடைபாதைப் பனியை 8 சென்டிமீட்டருக்குக் குறைத்து, 1 மீட்டர் அகலத்துக்கு வழிவிட்டால் போதும் என்பதே ஒன்ராறியோவின் குறைந்தபட்சப் பராமரிப்பு விதி. எங்கள் தெருவிலோ மறுநாள் விடியுமுன்னரே சிறிய வண்டி வந்து தரை தெரிய வழித்துவிட்டுப் போகிறது. 76 வயதான என் அம்மா சனவரியிலும் துணையின்றிப் பேருந்து நிறுத்தம்வரை நடந்து போய்வருகிறார். அதற்காக நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

என் மனக்குறையெல்லாம் வீட்டிலிருந்து சாலைவரை கார் போய்வரும் பாதையான டிரைவ்வேயின் வாயில்தான். சாலையை வழிக்கும் பெரிய வண்டியின் தகடு வலப்புறம் சாய்ந்திருப்பதால், அது தள்ளிவரும் பனி முழுவதும் ஓரத்தில் வரப்பாகக் குவிகிறது. வானிலிருந்து விழும் பஞ்சுப் பனியன்று அது. உப்பும் சேறும் கலந்து, சற்றே தாமதித்தாலும் கல்லாக இறுகிவிடும். அந்த வரப்பு எல்லா வீட்டுக்கும் உண்டு. நடைபாதைப் பக்கத்தாருக்கு மட்டும் சிறிய வண்டியின் வரப்பும் சேர்ந்துகொள்கிறது. கடந்த செவ்வாயன்று ஆறு மணிக்கு முதல் வரப்பை அள்ளி முடித்தேன். ஏழரைக்கு வேலைக்குப் புறப்படக் காரில் ஏறியபோது, பெரிய வண்டி வாயிலை முழங்கால் உயரத்துக்கு அடைத்துவிட்டுப் போயிருந்தது. முதியோர் வீடுகளுக்கு நகராட்சியே வரப்பை அகற்றித் தருகிறது. உடல்வலு உள்ளவன் நானும் அதே வீட்டில் வசிப்பதால், அம்மாவின் வயதைக் காட்டி அதற்கு விண்ணப்பிக்க முடியவில்லை.

ஒரே ஒரு உபாயம் உண்மையாகவே பயன்தருகிறது. வீட்டிலிருந்து தெருவை நோக்கி நின்றால், வண்டி வரும் இடப்புறத்தில், டிரைவ்வேக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்தில் ஒரு பள்ளம்போலப் பனியை அகற்றி வைக்க வேண்டும். தகட்டிலிருக்கும் சுமையில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். அள்ளும் பனியை வலப்புறமே போட வேண்டும். இடப்புறம் போட்டால் அடுத்த வண்டி அதையும் வாயிலுக்கே கொண்டுவந்து சேர்க்கும். இதைக் கண்டுகொள்ள எனக்கு நான்கு குளிர்காலங்கள் பிடித்தன.

அம்மாவின் நடைக்காக இவ்வளவு நன்றி சொன்ன பிறகும், இன்று நண்பருக்கு நான் எழுதிய பதில் ஒன்றுதான்: எதிர்ப்பக்கத்தில் வாங்குங்கள், சாலையைக் கடந்தால் நடைபாதை உங்களுக்கும் கிடைக்கும், டிரைவ்வேயை ஒருமுறை அள்ளினால் போதும்.