வெள்ளைச் சிறகுகள்: இரண்டரை ஆண்டு அனுபவம்

மேசைமீது ஆடும் மாயாஜாலப் போர் விளையாட்டுகளுக்கான 28 மி.மீ. அளவுள்ள மினியேச்சர்களுக்கு, அதாவது குட்டி உருவங்களுக்கு, வண்ணம் பூசும் பழக்கம் எனக்கு நான்கு ஆண்டுகளாக உண்டு. அதில் முதல் ஒன்றரை ஆண்டும் வெள்ளைச் சிறகுள்ள உருவம் எதுவாக இருந்தாலும் பெட்டியின் அடியில் தள்ளிவைத்திருந்தேன். துணிந்து எடுத்த முதல் தேவதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. ஐந்து பூச்சுகளுக்குப் பிறகு இறகு வரிகள் தூர்ந்துபோய், சிறகு இரண்டும் சுண்ணாம்பு அடித்த குட்டிச்சுவர் போல நின்றன.

வெள்ளைக்கு ஏன் இத்தனை பாடு என்பது பிறகுதான் விளங்கியது. அக்ரிலிக் வெள்ளையின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணீரைக் கூட்டினால் அந்தத் துகள்கள் பிசினை விட்டுப் பிரிந்து பொரிபொரியாகத் தெரியும். குறைத்தால் கெட்டியாக அப்பிக்கொண்டு வரிகளை மூடிவிடும். போதாக்குறைக்கு, மதுரையின் கத்திரி வெயிலில் பிரஷ்ஷைத் தட்டிலிருந்து எடுத்துச் சிறகில் வைப்பதற்குள் முனையில் சாயம் காய்ந்துவிடுகிறது. பழைய டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்துச் சாயத்தை வைத்துக்கொண்டதால் இந்தக் கடைசித் தொல்லை மட்டும் தீர்ந்தது.

எனக்கு வழி காட்டியது விளாச்சேரி. திருநகரில் இருக்கும் எனக்கு அது நடந்துபோகும் தூரம். கொலு பொம்மைகளுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே குடில் தேவதைகளுக்குச் சிறகு தீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் என் கைவேலையைக் காட்டியபோது, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "வெள்ளைய மொதல்லயே அப்பிப்புட்டீகன்னா, பெறகு எடுப்பாக் காட்ட எதத் தம்பி வைப்பீக?" திரும்பும் வழியில் தென்கால் கண்மாய்க் கரையில் நின்று கொக்குகளைக் கவனித்தேன். விரித்த சிறகின் முன்விளிம்பு மட்டுமே கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தது. மற்ற பகுதியெல்லாம் நீலம் கலந்த சாம்பல்.

அன்றிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். சிறகை உடலில் ஒட்டாமல், மூட்டில் சிறு துளையிட்டுக் கம்பி செருகிக் கார்க்கில் குத்தி வைக்கிறேன். முழுவதும் வெளிர் சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துக் காய்ந்த பின், மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரேயை மென்மையாகத் தூவுகிறேன். அடுத்தது, மினியேச்சர் சாயங்களுக்கான சிட்டாடல் பிராண்டில் 2019இல் வெளிவந்த கான்ட்ராஸ்ட் வரிசையிலுள்ள அப்போதிக்கரி ஒயிட் என்ற சாயம். பெயரில்தான் வெள்ளை, ஊற்றினால் குளிர்ந்த சாம்பல் நிறத் தண்ணீர். அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பில் பூசினால் மேடுகளை விட்டுவிட்டு வரிகளுக்குள் தானே இறங்கித் தங்குகிறது. நுனியில் முத்தாகத் திரளும் சொட்டை ஈரமற்ற பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அரைமணி நேரம் கைவைக்காமல் விட்டுவிட வேண்டும். பாதி காய்ந்த நிலையில் திருத்தப் போனால் டீ கிளாஸ் வைத்த இடம் போல வளையக் கறை விழும். எனக்கு முதல் மூன்று ஜோடிகளிலும் விழுந்தது.

பிறகு உலர்பூச்சு. இதற்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய வட்டமான மேக்கப் பிரஷ்ஷை விஞ்சியது எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. தந்த நிறச் சாயத்தைத் தொட்டு, பழைய வேட்டித் துணியில் தேய்த்து, புறங்கையில் தடவினால் தோல் ரேகை மட்டும் வெளுக்கும் அளவுக்கு வந்த பின்பே சிறகின் மீது, இறகு வரிகளுக்குக் குறுக்காக, தூசி தட்டுவது போல ஓட்ட வேண்டும். இதற்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கைவினைச் சாயமே போதும். தூய வெள்ளை கடைசியில்தான் வருகிறது. முன்விளிம்பிலும் நீண்ட இறகுகளின் நுனிகளிலும் மெல்லிய கோடாக, அவ்வளவே.

காயும் நேரம் நீங்கலாக ஒரு ஜோடிக்கு இப்போது இருபத்தைந்து நிமிடங்கள் ஆகின்றன. 31 ஜோடிகள் முடித்த பின்னும் அந்த 18 மி.லி. அப்போதிக்கரி ஒயிட் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மீதமிருப்பதால், வாங்கும்போது உறுத்திய விலை இப்போது உறுத்தவில்லை. குறைகளும் உண்டு. வழவழப்பான பெரிய பரப்பில், உதாரணமாகத் தோல் சிறகில், இந்தச் சாயம் திட்டுத்திட்டாகத் தங்கும். இறகு வரிகள் ஆழமாகச் செதுக்கப்பட்ட உருவங்களுக்கே இது பொருந்தும். மேலும், வார்னிஷ் இல்லாமல் விளையாடினால் விரல் படும் இடங்களில் சாயம் தேய்கிறது. என் பழைய உருவங்களில் இரண்டின் சிறகு நுனிகளில் இப்போது சாம்பல் தெரிகிறது.

வார்னிஷ் விஷயத்தில் ஓர் ஐப்பசி மாலை நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மழை விட்ட கையோடு மொட்டை மாடியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காற்றின் ஈரம் சேர்ந்து ஐந்து உருவங்களின் கறுப்புக் கவசத்தின் மீதும் பனிமூட்டம் போல வெளுப்புப் படர்ந்தது. சிறகுகளில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பது வேடிக்கை. பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் ஒரு கை பூசியதில் மூட்டம் பெரும்பாலும் விலகியது. இப்போது மழைக்காலத்தில் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை. மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசுகிறேன். அது காய்ந்த பின், மூட்டில் படிந்த சாயத்தைச் சுரண்டிவிட்டுச் சூப்பர் குளூவைத் துளியளவு வைத்துச் சிறகைப் பொருத்துகிறேன். சுரண்டாமல் ஒட்டிய ஒரே ஒரு சிறகு, மேசையில் வைத்த அன்றே சாயத்தோடு உரிந்து கையில் வந்தது.