ஜப்பானிலிருந்து பழைய வாள் வாங்கப் போகிறீர்களா? 4,200 பவுண்டு பறிகொடுத்தவன் சொல்கிறேன்

மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள். போனது 4,200 பவுண்டு. வரி தனி.

நான் இருப்பது இங்கிலாந்தில். ஒன்பது வருடமாக இயாய்டோ பழகுகிறேன், உறையிலிருந்து வாளை உருவும் கலை. பயிற்சிக்குக் கூர் இல்லாத வாள்தான். பழைய கதானா, அதாவது ஜப்பானிய நீள வாள், ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று நான்கு வருடம் சேர்த்த பணம் இது.

கடையின் பெயரைச் சொல்லவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. ஜப்பானில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே ஆங்கிலத்தில் தளம் நடத்தும் வாள் கடை, அவ்வளவுதான். அதில் ஒரு வாள் வந்தது. ஹிசென் நாட்டு வாள் கொல்லர் இரண்டாம் தலைமுறை தாதாஹிரோவின் கையெழுத்து வெட்டியது, 17ஆம் நூற்றாண்டு. ஹிசென் என்றால் இன்றைய சாகா பக்கம், நபேஷிமா பிரபுக்களின் ஆதரவில் இருந்த பட்டறை. அந்தப் பட்டறை இரும்பின் மேல்பரப்பை அரிசித் தவிடு தூவினாற்போல் இருக்கும் என்பார்கள். பெயரும் அதுதான், கொனுகா ஹதா. படத்தில் அந்தத் தவிட்டு மினுமினுப்பைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கூடவே வாள் பாதுகாப்புச் சங்கமான என்.பி.டி.எச்.கே.யின் பச்சைத் தாள் சான்றிதழ். அது பழைய முறைத் தாள். 1982இல் சங்கம் அந்த முறையையே நிறுத்திவிட்டு ஹொசோன், தொகுபெட்சு ஹொசோன் என்று புதிய தாள்களைக் கொண்டுவந்தது. பெரிய கொல்லரின் பெயர் போட்ட வாளுக்குப் பச்சைத் தாளை நம்பக் கூடாது என்பது வாள் வாங்குகிறவர்களிடையே பாலபாடம். எனக்கும் தெரியும். கேட்டேன். "புதிய தாளுக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும், விலையும் ஏறிவிடும், உங்களுக்காகத்தான் இப்படியே தருகிறேன்" என்றார் கடைக்காரர்.

நான் நம்பியது அந்தப் பேச்சை அல்ல. அவரே வீடியோவில் வந்தார். வயதானவர், பாய் விரித்த அறை. வாளைத் தலைக்கு நேராக உயர்த்தி வணங்கிவிட்டுத்தான் உருவினார். பொடி தட்டி, தாளால் துடைத்து, விளக்கில் காட்டினார். எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், செய்வது போலவே இருந்தது. இப்படி வணங்குகிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். முனைக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் கை சட்டென்று திரும்பியது. அது இப்போதுதான் உறைக்கிறது.

கார்டில் கட்டினால் 5% கூடுதல், வங்கியில் நேரே அனுப்பினால் அது மிச்சம் என்றார். அனுப்பினேன். மொத்தம் 4,200 பவுண்டு, ஒரே தவணை.

அப்புறம் காத்திருப்பு. ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு, டொரோகுஷோ என்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கலாசார முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவர் அன்பாகத்தான் எழுதினார். "உங்கள் வாள் தயாராகிறது" என்று பெட்டியின் படம்கூட வந்தது.

இங்கே வந்ததும் சுங்கத்தில் நின்றது. 50 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள வளைந்த வாளுக்கு இங்கே 2008 முதல் தடை, நூறு வருடம் கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. அதை நிரூபிக்கும் தாள்களைக் காட்டி, 5% வாட் கட்டி, பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தது.

அன்று இரவு சமையலறை மேசையில் துணி விரித்து உருவினேன். கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. மனைவியும் குனிந்து பார்த்து, "அழகா இருக்குங்க" என்றாள். எண்ணெயைத் துடைத்து மேசை விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது, முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கூரின் மேல் முடி ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கமும் அதே இடத்தில் அதே முடி.

ஹகிரே. கூரிலிருந்து நேர் குறுக்காக ஓடும் விரிசல். வாளில் வரக்கூடிய குறைகளில் இதற்குத்தான் மருந்தே கிடையாது. மெருகிட்டும் போகாது. வீசினால் அந்த இடத்தில் ஒடியும்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள வாள் ஆர்வலர்களில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றி, கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிடிக்குள் இருக்கும் வால்பகுதி முழுக்கக் கறுத்த துரு, ஆனால் உளி வெட்டின பள்ளத்துக்குள் மட்டும் துரு இளம் பழுப்பு. எழுத்து பிறகு வெட்டியது. போதாததற்கு, ஹிசென் பட்டறைக்காரர்கள் கதானாவில் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் கையெழுத்திடுவார்கள், இதில் வழக்கமான பக்கத்தில் இருக்கிறது. "போலிக் கையெழுத்துதான், வருத்தமாக இருக்கிறது" என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கடைக்கு எழுதினேன். முதல் பதில்: பழைய வாளில் சிறு குறைகள் இயல்பு. விரிசலைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில்: பார்த்துத் திருப்ப மூன்று நாள்தான், அது உங்கள் நாட்டுக்குள் வாள் வந்த நாளிலிருந்து கணக்கு. அதாவது சுங்கத்தில் பெட்டிக்குள் கிடக்கும்போதே என் மூன்று நாள் முடிந்துவிட்டது! கையெழுத்தைப் பற்றிக் கேட்டால், சான்றிதழ் சங்கம் கொடுத்தது, சங்கத்தைக் கேளுங்கள். திருப்பி அனுப்புகிறேன் என்றால், பதிவு ரத்தாகிவிட்டது, ஜப்பானுக்குள் வர போலீஸிடம் அறிவித்து மறுபடி பதிவுப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை. அது உண்மையும்கூட. அவர் அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார். நான்காவது கடிதத்துக்குப் பதிலே இல்லை.

வங்கியில் சொன்னது: நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம், பொருளும் வந்துவிட்டது, இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள தகராறு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு இங்கே கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. 210 பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் 4,200 பவுண்டு போனது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். பச்சைத் தாளும் பெரிய பெயரும் சேர்ந்து வந்தால் வாங்காதீர்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். திருப்பும் நாள் கையில் கிடைத்த நாளிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். கூர் முழுவதும், முனைவரை, எண்ணெய் இல்லாமல், இரண்டு பக்கமும் படம் கேளுங்கள்.

நேற்று இரவு அந்தத் தளத்தைத் திறந்தேன். இன்னொரு தாதாஹிரோ. அதே பச்சைத் தாள், அதே பாய், அதே விளக்கு. முனைப்பக்கம் ஒரு படம்கூட இல்லை. காலையில் பார்த்தால் விற்றுவிட்டது என்று போட்டிருக்கிறது.