உயில், வாரிசுரிமை, சொத்து நிர்வாகம்: வழக்கறிஞர்களுக்கான மேல்நிலைப் பயிற்சியில் என் பல ஆண்டு அனுபவம்

நம் நாட்டில் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட வழக்கறிஞரிடம், ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் படித்தீர்களா என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனால் உயில், வாரிசுரிமை, இறந்தவரின் சொத்து நிர்வாகம் ஆகியவற்றுக்கான மேல்நிலை வகுப்புகளில் பெரும்பாலும் தேவையை உணர்ந்தவர்கள்தான் வந்து அமர்கிறார்கள். சிவில் வழக்குகள் நடத்தும் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். இணையத்தில் வார இறுதி வகுப்புகள், நேரில் நடக்கும் வரைவுப் பயிலரங்குகள், பதிவு செய்த விரிவுரைகள் என மூன்று வகையிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு உயில் எழுதக் கற்றுத்தந்தது உயில் எழுதும் வகுப்பு அல்ல, உயிலை நிரூபிக்கும் வகுப்பு. பல பயிற்சிகளில் வரைவை முதலிலும் நிரூபணத்தைக் கடைசியிலும் வைக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பயிலரங்கில் மாதிரி உயில் ஒன்றைக் கொடுத்து, எங்களில் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினார்கள். சான்றொப்பமிட்ட சாட்சியாக அவர் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதை நேரில் பார்த்தீர்களா? உங்கள் கையெழுத்தை அவர் முன்னிலையில் போட்டீர்களா? அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? உயிலில் அதிகம் பெறும் மகன் அப்போது எங்கே நின்றார்? 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவை எத்தனை முறை வாசித்தாலும் வராத தெளிவு அந்த ஒரு பிற்பகலில் வந்தது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் உயில் எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் ஒப்புக்கொண்டதை அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். எண்பது வயதுப் பெரியவரின் உயிலுக்கு அவர் வயதுடைய நண்பர்கள் இருவரைச் சாட்சியாக்கினால், நீதிமன்றத்தில் தேவைப்படும் நாளில் இருவருமே இருக்கமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். கூண்டில் நின்று பதில் சொல்லித் திணறிய பிறகுதான் அது வரைவுக்குள் வருகிறது.

உயிலைப் பதிவு செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை கட்சிக்காரர்களிடம் மட்டுமன்றி வழக்கறிஞர்களிடமும் இருக்கிறது. பதிவு கட்டாயமும் அல்ல, நிரூபணத்துக்கு மாற்றும் அல்ல. பதிவான உயிலுக்கும் சாட்சி ஒருவரையாவது விசாரிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு என்று நாங்கள் மனப்பாடமாகச் சொல்லிவந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 67ஆம் பிரிவாக இருக்கிறது. பயனாளியே முன்னின்று உயிலை எழுத வைத்திருந்தால் எழும் சந்தேகத்தை யார் தீர்க்க வேண்டும் என்பதற்கு, 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அடித்தளம். உயிலை முன்வைப்பவரே தீர்க்க வேண்டும். நல்ல ஆசிரியர்கள் இந்தத் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதன் ஒவ்வொரு சூழ்நிலையையும் எடுத்து, உங்கள் வரைவில் இதற்கு என்ன பதில் இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்ட இன்னொரு பகுதி, ஒரே சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதை விளக்கிய வகுப்பு. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் செல்லாமல் போகிறது. இந்துக்களுக்கு அந்த விதி இல்லை. பயனாளியோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால் பயனாளிக்குரிய கொடை போய்விடும் என்ற, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் இந்துக்களுக்குப் பொருந்தும் பிரிவுகளின் பட்டியலில் இல்லை. (பொருந்தாது என்பதற்காகப் பயனாளியைச் சாட்சியாக்கலாம் என்று பொருளல்ல. சந்தேகச் சூழ்நிலை அங்கேயே பிறந்துவிடும்.) முஸ்லிம்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரம்பு இருக்கிறது. அலுவலகத்தில் ஒரே மாதிரிப் படிவத்தை எல்லோருக்கும் பயன்படுத்தும் வழக்கம் இருந்தால், இந்த வகுப்புக்குப் பிறகு அது நின்றுவிடும்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பற்றி நடந்த விவாதத்தை நான் மறக்கவே முடியாது. கணவனை இழந்த, பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் உழைத்துச் சம்பாதித்த சொத்துகூட அவருடைய தாய் தந்தையருக்கு முன்பாகக் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்குத்தான் விதிவிலக்கு. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இந்தப் பிரிவை அறிந்த எந்த வழக்கறிஞரும் தன்னிடம் வரும் பெண் கட்சிக்காரர்களிடம் உயில் எழுதச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

நாமினி வகுப்பும் தேவையானதே. "நாமினி போட்டுவிட்டேன் சார், உயில் எதற்கு?" என்று கேட்காத கட்சிக்காரர் குறைவு. 1983இல் சர்பதி தேவி வழக்கிலேயே, காப்பீட்டு நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 திருத்தம் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகிய நாமினிகளுக்குத் தனி நிலை தந்தது. நிறுவனப் பங்குகளின் நாமினி வாரிசுரிமையை மீற முடியாது என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் தீர்ப்பு வந்தது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். நாமினி பட்டியலும் உயிலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் முதல் சந்திப்பிலேயே நடக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பதிவு செய்த விரிவுரைகளில் தேதியே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்ட இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயம் என்று அதில் விளக்குகிறார்கள். அந்தக் கட்டாயத்தை விதித்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எழுதிக் கேட்டும் விரிவுரையை மாற்றவில்லை. பணம் கட்டிச் சேர்ந்த ஒரு ஜூனியர் அதை நம்பிக் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொன்னால் யார் பொறுப்பு? பதிவு விரிவுரை வாங்குபவர்கள், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அறக்கட்டளை வகுப்புகள் சிலவற்றிலும் எனக்கு மனக்குறை இருக்கிறது. இறந்தவரின் சொத்துமீது விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1985லேயே இங்கு நீக்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, வெளிநாட்டு வாரிசு வரியைத் தவிர்க்கும் ஏற்பாடுகளுக்குப் பாதி நேரம் போகிறது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பெற்றோர் எப்படி அறக்கட்டளை அமைப்பது என்ற கேள்வி கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. நம் கட்சிக்காரர்கள் கண்கலங்கிக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

கூட்டம் குறைவாக வருவது சொத்து நிர்வாக வகுப்புக்கு. எனக்குப் பிடித்ததும் அதுதான். புரோபேட் பெற்ற நிறைவேற்றுநர் (உயிலை நிறைவேற்ற அதிலேயே நியமிக்கப்பட்டவர்) ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு. இறுதிச் சடங்குச் செலவும் கடைசி நோய்ச் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முன்னால் தீர்க்கப்பட வேண்டும். எழுதியவர் இறந்து ஓராண்டு ஆகும் வரை உயிலில் சொன்ன கொடைகளைக் கொடுக்கும்படி நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றம் நியமித்த நிர்வாகி அசையாச் சொத்தை விற்க அனுமதி வாங்க வேண்டும். இவையெல்லாம் தெரியாமல் அண்ணன் தம்பிகள் சண்டையிட்டுக்கொள்வதை வாரம்தோறும் பார்க்கிறோம்.

213ஆம் பிரிவு போன பிறகு இந்த வகுப்பின் மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு. புரோபேட் கேட்டு நீதிமன்றம் வருபவர்கள் குறைந்தால், பட்டியலையும் கணக்கையும் பார்க்க நீதிமன்றமும் இருக்காது. எனவே நிறைவேற்றுநர் எப்போது, யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அவர் மறுத்தால் அடுத்த நிறைவேற்றுநர் யார் என்பதை உயிலிலேயே எழுதும் பழக்கத்துக்கு நான் வந்துவிட்டேன்.

ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் நேரடிப் பயிலரங்கில் சேருங்கள். புதியவர்கள் அதற்கு முன் ஒரு சீனியருடன் உயில் வழக்கு ஒன்றின் சாட்சி விசாரணையை முழுதாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். வகுப்பில் சொல்வதில் பாதி அதன் பிறகுதான் புரியும். வரும்போது நீங்களே எழுதிய பழைய உயில் வரைவு ஒன்றைப் பெயர்களை மறைத்து எடுத்து வாருங்கள். நல்ல ஆசிரியர் அமைந்தால் அதை வரிக்கு வரி கேள்வி கேட்பார்.