குரல் செய்தியா, தட்டச்சுச் செய்தியா?

வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது 2013-இல். ஒரே உரையாடலில் அருகருகே இருந்தாலும் குரலும் எழுத்தும் ஒரே ஊடகம் அல்ல. பேச்சு, எழுத்துப் பண்பாடுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வால்டர் ஓங் 1982-இல் விளக்கிய ‘இரண்டாம் நிலை வாய்மொழி’ இங்கே பொருந்தும்: எழுத்தில் ஊறிய சமூகத்துக்குள் மின்னணுக் கருவி வழியே திரும்பி வரும் பேச்சு.

நேரில் பேசியது காற்றோடு போய்விடும். குரல் செய்தி தங்கிவிடும். ஆனால் எழுத்தைப் போல அதைக் கண்ணால் மேய முடியாது. மூன்று நிமிடப் பதிவின் நடுவில் கணக்கு எண் இருந்தால், அதற்காக முழுவதையும் கேட்கவேண்டும். தேடலிலும் அகப்படாது. 2021-இல் வந்த 1.5, 2 மடங்கு வேகத்தில் கேட்டால் இருபது, அறுபது, எழுபது மூன்றும் குழம்பும். அனுப்புபவர் மிச்சப்படுத்தும் நேரத்தைக் கேட்பவர்தான் கொடுக்கிறார்.

எழுத்தில் தொலைவது தொனி. ‘சரி’ என்று மட்டும் வந்தால் சம்மதமா, கோபமா? இழுத்துச் சொன்ன ‘சரீ’யில் அது உடனே தெரியும். தமிழில் தட்டச்சு வராத பெரியவர்களைக் குடும்பக் குழுவில் பேசவைத்ததும் குரல்தான். அதை நான் பெரிய பேறாகவே கருதுகிறேன்.

ஆகவே தொகை, தேதி, முகவரிக்கு எழுத்து. இரங்கல், மன்னிப்பு, நீண்ட விளக்கத்துக்குக் குரல். மைக்கை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டுங்கள், முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். எண் ஏதும் இருந்தால் பதிவின் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள்.