ரேகை பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள்: பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளையின் பத்து விரல்களையும் ஸ்கேனரில் வைத்து ரேகை எடுத்து, "மேம்பட்ட கற்றல் பிரிவு"க்கு அது தகுதியா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். டி.எம்.ஐ.டி., அதாவது ரேகை வழிப் பல்வகை நுண்ணறிவுச் சோதனை என்று இதற்குப் பெயர். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இது நடந்தது. உங்கள் பள்ளியிலிருந்தும் இப்படி ஒரு சுற்றறிக்கை வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் "அறிவியல் முறைத் திறன் மதிப்பீடு, கட்டணம் 4,500 ரூபாய்" என்றுதான் இருந்தது. ரேகை என்ற பேச்சே இல்லை. வாசிக்கச் சொல்வார்கள், கணக்குக் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் பெற்றோர் கையெழுத்துப் போட்டோம். "ஒரு கேள்வியும் கேட்கவில்லை அம்மா, விரலை மட்டும் வைக்கச் சொன்னார்கள்" என்று மகள் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

பின்னர் வண்ணப் படங்களோடு தடித்த அறிக்கை ஒன்று வந்தது. ஒவ்வொரு விரலுக்கும் மூளையின் ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார்கள். விரல் நுனிக் கோடுகளை எண்ணிக் கூட்டி, அந்தத் தொகையைக் "கற்கும் கொள்ளளவு" என்று போட்டிருந்தார்கள். என் மகளுக்குத் தர்க்க அறிவு குறைவாம். அதனால் சாதாரணப் பிரிவே ஏற்றதாம். தாத்தாவின் மளிகைக் கடையில் நின்று பாக்கிச் சில்லறையை மனக்கணக்காகச் சொல்லும் பிள்ளை அவள். அடுத்த பக்கத்திலேயே, அந்தக் குறையைச் சரிசெய்ய அதே நிறுவனம் நடத்தும் பயிற்சி வகுப்பு. கட்டணம் 18,000 ரூபாய். அவளுடைய தோழியின் அறிக்கையை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயரும் எண்களும் மாறியிருந்தன. பத்தி பத்தியாக வாசகங்கள் அப்படியே இருந்தன.

விரல் ரேகை கருவிலேயே, மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் உருவாகிவிடுகிறது. அதன் பிறகு சாகும்வரை மாறுவதில்லை. பிறந்த பின் குழந்தை கேட்ட கதை, படித்த எழுத்து, கிடைத்த ஆசிரியர் எதுவும் அதில் பதியாது. ரேகையை மருத்துவம் ஆராய்வது உண்மைதான். டவுன் நோய்க்குறி என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகள் பலருக்கு உள்ளங்கையில் ஒற்றைக் கோடு இருக்கும். விற்பவர்கள் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். அதற்கும் சுட்டுவிரலில் சங்கா சக்கரமா என்று பார்த்துக் கணித அறிவைச் சொல்வதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறிவு ஒன்றல்ல, பல வகை என்னும் பல்வகை நுண்ணறிவுக் கொள்கையை 1983-இல் முன்வைத்த அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரின் பெயரும் அறிக்கையில் இருந்தது. அவரோ இந்தச் சோதனையைத் தாம் ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டவர். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவித்திருக்கிறது.

இத்தனையையும் எடுத்துச் சொன்னபோது பள்ளி ஒருங்கிணைப்பாளர், "மற்ற பெற்றோர் யாரும் கேட்கவில்லையே மேடம்" என்றார். ஆறு வயதுப் பிள்ளையின் வகுப்பறையைத் தீர்மானிக்கும் விஷயத்தில் இதுதான் அவரிடம் இருந்த பதில். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் மகளை அழைத்துப் போனோம். ஆறு முதல் பதினைந்து வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளுக்கான மாலின் நுண்ணறிவு அளவுகோலைக் கொண்டு சோதித்தார். அவளோடு தனியே உட்கார்ந்து கேள்வி கேட்டார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நடுவில் தண்ணீர் குடிக்க விட்டார். பினே–காமத், ரேவன் வண்ண அணிகள் போன்ற நுண்ணறிவுச் சோதனைகளும் இருக்கின்றன என்றார். எதுவானாலும் பிள்ளை ஏதாவது செய்தாக வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். என் மகளின் தர்க்கத் திறன் வயதுக்கு மேலாகவே வந்தது. இந்த வயதில் எடுக்கும் எண் பின்னால் ஏறலாம், இறங்கலாம், இதை மட்டும் வைத்து எந்தப் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்று அவரே எழுதியும் கொடுத்தார்.

பள்ளியில் சேர்ப்பதற்காக இப்படி வடிகட்டினால் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே தடுக்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். சேர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பிரிவுகளாகத்தான் பிரிக்கிறோம், அந்தச் சட்டப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது என்கிறது பள்ளி.

சுற்றறிக்கை வந்தால் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: சோதனையின் பெயர் என்ன, நடத்துபவரின் பதிவு எண் என்ன, பிள்ளையின் விரல் ரேகை எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும், முடிவை ஏற்காவிட்டால் என்ன வழி. வாயால் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீதையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். பணம் திரும்ப வரவில்லை. ரேகைப் பதிவை அழித்ததற்கான கடிதமும் இதுவரை தரப்படவில்லை. என் மகள் இன்னும் அவர்கள் ஒதுக்கிய பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.